ஏரிக்கரை அன்னை

தென் அமெரிக்காவின் பொலிவியா, பெரு நாடுகளின் எல்லையில், கடல் மட்டத்திற்கு மேல் 3,800 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கிறது டிட்டிகாகா ஏரி. குறுகிய திக்கினா நீரிணையில் எங்கள் பேருந்தைத் தெப்பத்தில் ஏற்றினார்கள். நாங்கள் சிறு படகில் கடந்தோம். பிற்பகலில் கோப்பகபானா விரிகுடா கண்ணுக்குத் தெரிந்தது.

பேராலயத்தின் முன் மலர் சூடிய வாகனங்கள் வரிசையாய் நின்றன. குருவானவர் அவற்றை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். உள்ளே, பொற்பீடத்தில் கருநிறத் தேவமாதா எழுந்தருளியிருக்கிறாள்.

இச்சுரூபத்தைச் செதுக்கியவர் இன்கா மரபினரான பிரான்சிஸ்கோ தீத்தோ யுப்பான்கி. அவர் முதலில் களிமண்ணால் செய்த சுரூபம் அழகற்றதென்று கோவிலிலிருந்து அகற்றப்பட்டது. அவரோ மனம் தளராமல் பொத்தோசி நகர் சென்று சிற்பக்கலை பயின்றார். ஏளனங்களைச் சகித்து, மீண்டும் செதுக்கினார். 1583 பிப்ரவரி 2-ஆம் நாள், மெழுகுதிரித் திருநாளன்று, அந்த மாதா இவ்வூர் வந்து சேர்ந்தாள். பிரேசிலின் புகழ்பெற்ற கடற்கரையும் பின்னாளில் அவளாலேயே இப்பெயர் பெற்றது.

அந்தியில் கல்வாரிக் குன்றில் ஏறினோம். சிலுவைப்பாதையின் ஒவ்வொரு நிலையிலும் நாங்கள் நின்றதற்குப் பக்தி பாதி, மூச்சுத்திணறல் பாதி! வட்டத் தொப்பியணிந்த ஐமாரா மூதாட்டி ஒருவர், முதுகில் மூட்டையுடன் எங்களை எளிதாகக் கடந்து சென்றார்.

உச்சியை அடைந்தபோது கதிரவன் ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தான். நீர் பொன்னாகி, செம்பாகி, மெல்ல இருண்டது. மூதாட்டி மெழுகுதிரியொன்றை ஏற்றி முழந்தாளிட்டார்.

எளியவர் அன்போடு கொணரும் காணிக்கையை நம் பங்கிலும் இல்லத்திலும் எத்தனை முறை ஒதுக்கியிருக்கிறோம்! அந்தக் களிமண் சுரூபத்தை அகற்றிய கைகள் நம்முடையனவாகவும் இருந்திருக்கலாமே என்ற எண்ணம், இறங்கும் வழியெல்லாம் எங்களை விட்டகலவில்லை.