எச்சரிக்கை விளக்கு

மனிதன் ஆக்கிய பொறிகளுள் சில, தம் குறையைத் தாமே எடுத்துரைக்கும் ஆற்றல் பெற்றுள்ளன. காரில் ஓட்டுநரின் கண்ணெதிரே, இன்ஜின் வடிவில் மஞ்சள் நிற விளக்கு ஒன்று உண்டு. அது எரியக் கண்டதும் பழைய கார் வைத்திருப்போர் நெஞ்சம் நடுங்கும். காருக்கு என்ன நேர்ந்தது என்பதைவிட, கைப்பொருள் எவ்வளவு கரையும் என்னும் கவலையே பெரிதாய் எழும்.

மதுரையில் பழங்காநத்தம், மோட்டார்த் தொழிலோடு நெடுநாள் பழகிய பகுதி. வெளியூர்ப் பேருந்துகள் புறப்படும் நிலையம் முன்னாளில் அங்கே இருந்தது. டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1911-இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய டி. வி. எஸ். நகரும் அதனை அடுத்தே உள்ளது. அங்கு வாழும் என் தாய்மாமன், 2014-ஆம் ஆண்டில் செய்யப்பெற்ற பெட்ரோல் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிக் குடும்பம் நடத்துபவர்.

ஒருநாள் திருமங்கலத்திலிருந்து திரும்புகையில் கார் குலுங்கியது. விளக்கு விட்டுவிட்டு மின்னியது. மாமா உடனே வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். அறிவுடைய செயல் அது. வெப்பமும் எண்ணெய் அழுத்தமும் சரியாக இருந்து, விளக்கு நிலையாக எரியுமாயின், மெல்ல ஓட்டிப் பட்டறை சேரலாம். மின்னுமாயின் ஓட்டலாகாது. எரியாத பெட்ரோல், புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சென்றடைந்து, அங்கே எரிந்து அதனைப் பாழாக்கும். அதன் விலையோ பல ஆயிரம்! அங்கே வண்டியை நிறுத்துவதே சிக்கனம்.

வழியில் இருந்த பட்டறையார் கருவியை இணைத்துப் பார்த்து, நான்கு காயில்களையும் இன்ஜெக்டர்களையும் மாற்றவேண்டும், பதினெட்டாயிரம் ரூபாய் ஆகும் என்றனர். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென மாமா சேர்த்து வைத்திருந்த பணமும் ஏறத்தாழ அவ்வளவே. அவர் மறுமொழி கூறாமல், வண்டியைப் பழங்காநத்தத்திற்கு இழுத்துவரச் செய்தார்.

கருவி காட்டிய குறி 'பி 0302'. 'பி' என்பது இன்ஜினையும் அதன் ஆற்றலைச் சக்கரத்திற்குச் செலுத்தும் உறுப்புகளையும் குறிக்கும். அடுத்துள்ள சுழி, எல்லா நிறுவனத்தார்க்கும் பொதுவான குறி என்பதைக் காட்டும். மூன்று, தீமூட்டும் பகுதியைச் சுட்டும். இறுதி இரண்டு, இரண்டாம் சிலிண்டர். அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயமாக்கப்பெற்ற இம்முறை, நம் நாட்டில் பாரத் நான்காம் நிலைக் கார்களுக்கு 2013-இல் வந்தது. ஸ்டீயரிங்கின் கீழே பதினாறு முனைகள் கொண்ட இணைப்பு ஒன்று இருக்கும். அதில் பொருத்திக் கைப்பேசியில் குறியைப் படிக்கும் சிறு கருவி ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றது.

இரண்டாம் சிலிண்டரில் தீ ஒழுங்காகப் பற்றவில்லை என்பதே அக்குறியின் பொருள். பட்டறைகளில் இதனை 'மிஸ்ஸிங்' என்பர். காரணம் காயிலாகவோ பிளக்காகவோ இன்ஜெக்டராகவோ அறுந்த ஒயராகவோ இருக்கலாம். குறி அதனைக் கூறுவதில்லை.

“அண்ணே, நான்கு காயிலையும் மாற்றவேண்டுமாமே?” என்று மாமா கவலையோடு வினவினார்.

“எது கெட்டது என்று முதலில் பார்ப்போம், தம்பி” என்றார் முதிய மெக்கானிக்.

இன்ஜின் சூடு தணிந்த பின்னர், இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றிலும், மூன்றினதை இரண்டிலும் மாற்றிப் பொருத்தினார். குறியை அழித்துவிட்டு இன்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டார். இப்பொழுது தோன்றிய குறி 'பி 0303'! குற்றம் காயிலோடு இடம்பெயர்ந்துவிட்டது. பழைய குறியே மீண்டும் வந்திருந்தால், அடுத்துப் பிளக்கை அவ்வாறே மாற்றிப் பார்த்திருப்பார். ஒரு காயில், தேய்ந்திருந்த நான்கு பிளக்குகள், கூலி எல்லாம் சேர்ந்து மூவாயிரத்து நானூறு ரூபாய் ஆயிற்று.

'பி 0171' என்னும் குறியும் இத்தகையதே. காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்தது என்று மட்டுமே அது சொல்லும். அதனை அறிவித்த ஆக்சிஜன் சென்சாரையே குற்றவாளியாகக் கருதிக் கழற்றுவோர் பலர். பெரும்பாலும் வெடித்த ரப்பர் குழாயோ, அழுக்கேறிய காற்றளவு சென்சாரோ, வலுவிழந்த பெட்ரோல் பம்போ காரணமாக இருக்கும்.

பேட்டரி இணைப்பைக் கழற்றி விளக்கை அணைத்துவிடுவோரும் உளர். காரணம் நீங்காதவரை விளக்கு சில நாளில் மீண்டும் எரியும். பழைய கார் விற்போர் சிலர் இவ்வாறு செய்வதுண்டு. ஆயினும், கார் தன்னைத் தானே செய்துகொள்ளும் சோதனைகளுள் எவை முடியவில்லை என்பதையும் அச்சிறு கருவி காட்டும். பல சோதனைகள் முடியாதிருப்பின், குறிகள் அண்மையில் அழிக்கப்பட்டன என்று ஐயுறலாம். அத்தகைய காரை இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்த பின்னரே விலை பேசவேண்டும்.