பூநகரிக் கோட்டையடியில்

கச்சான் காற்று புழுதியை வாரிக்கொண்டு வருகிறது. மொட்டைக்கறுப்பன் நெல் விதைக்க வயல்களை உழுகிறார்கள். வீதியோரத்தில், வெயிலில் கிடக்கிறது கோட்டை.

பறங்கியர் கட்டியது. ஒல்லாந்தர் பெருப்பித்து, 1770 அளவில் காவற்படை வைத்திருந்தார்கள். 1805இல் ஆங்கிலேயர் தங்குவிடுதி ஒன்று கட்டினார்கள். பெரிய கோட்டையில்லை, ஒரு பக்கம் 30 மீற்றர் வரும். எதிரெதிர் மூலைகளில் இரண்டு கொத்தளங்கள். சுவரெல்லாம் முருகைக்கல், கிட்டப் போனால் தேன்வதை போலத் துளைதுளையாக. எது கடல் தந்த துளை, எது சன்னம் பாய்ந்த துளை என்று பிரித்தறிய முடியவில்லை. 1993 நவம்பரிலும் 2008 நவம்பரிலும் இந்த ஊர் பெருஞ்சண்டைகளைக் கண்டது.

சுவர் நிழலில் ஒரு பெரியவர் குந்தியிருக்கிறார். பேத்தி மண்ணில் கோடு கீறிக் கெந்தி விளையாடுகிறாள்.

“அப்பப்பா, இதை ஆர் கட்டினது?”

“பறங்கியள், மோனை.”

“அதுக்கு முதல் இஞ்ச ஆர் இருந்தது?”

பெரியவர் அவள் எறிந்த ஓட்டுத் துண்டை எடுத்துச் சாரத்தில் துடைக்கிறார். “இது எங்காலை?”

“எங்கட வயலுக்கை. ட்ரக்டர் உழேக்க வந்தது.”

உட்புறம் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. பானையைக் கவிழ்த்துச் சுட்டால் காற்றுப் புகாத உள்பக்கம் கறுக்கும், நெருப்புப் பட்ட வெளிப்பக்கம் சிவக்கும். பெருங்கற்காலக் குயவரின் கைவேலை அது. பூநகரியின் பரமன்கிராய், வெட்டுக்காடு பக்கங்களில் இத்தகைய ஓடுகளோடு பிராமி எழுத்துப் பொறித்த துண்டுகளையும் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் கண்டெடுத்து எழுதியிருக்கிறார்.

அல்ஜீரியக் கடலோரத்துத் திப்பாசாவும் இப்படி அடுக்கடுக்கான ஊர்தான். முதலில் பினீசிய வணிகரின் துறை, பிறகு ரோமரின் நகரம். 1982இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது, ரோமரின் கட்டடங்களோடு உள்ளூர் மௌரித்தானிய அரச குடும்பத்தின் பெருங்கல்லறையையும் சேர்த்தே எழுதியது. அதுதான் முறை. வந்தவரின் மதிலைக் காக்கிற கை, இருந்தவரின் பானையோட்டையும் காக்க வேண்டும். இங்கே வந்தவரின் கோட்டையைத் தேடித்தான் ஆட்கள் வருகிறார்கள். ஈராயிரம் ஆண்டு பழைய ஊரோ கலப்பைக்கு அடியில், வருசத்துக்கு வருசம் நொறுங்கிக்கொண்டிருக்கிறது.

பெரியவர் சைக்கிளை நிமிர்த்துகிறார். பிள்ளை ஓட்டை மறுபடியும் கோட்டுக்குள் எறியக் கையோங்குகிறாள்.

“எறியாதை. கொப்பிப் பைக்குள்ள வை. நாளைக்கு ரீச்சரிட்டைக் காட்டு.”