ஆற்றில் போட்டாலும் அளந்து போடு
லோயர் கேம்ப் முதல் வைகை அணை வரை ஒரு கடன் கணக்கு

தேக்கடியில் தேங்கும் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திரும்புகிறது. பெரிய இரும்புக் குழாய்களில் இறங்கி, லோயர் கேம்ப் மின் நிலையத்தில் மின்சாரம் கொடுத்துவிட்டு, முல்லைப் பெரியாறாகக் கம்பம் பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. பென்னிகுவிக் கட்டிய அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. அன்று முதல் இந்தப் பள்ளத்தாக்கில் தண்ணீரை அளக்காத நாள் இல்லை.

கூடலூர், கம்பம் டீக்கடைகளில் காலையில் பேப்பரை விரித்ததும் முதலில் பார்ப்பது அணையின் நீர்மட்டத்தைத்தான். எத்தனை அடி இருக்கிறது, வரத்து எத்தனை கன அடி, வெளியேற்றம் எத்தனை என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். அதே வீட்டில், "மொத்தக் கடன் எவ்வளவு? மாதம் வட்டி மட்டும் எவ்வளவு போகிறது?" என்று கேட்டால் பதில் வர நேரமாகிறது. அப்பா ஒரு தொகை சொல்வார், அம்மா வேறொரு தொகை சொல்வார். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று சொல்லும் ஊரில், அளக்காமல் போவது வட்டி ஒன்றுதான்.

இந்தப் பள்ளத்தாக்கில் எங்கே, எப்படிக் கடன் உண்டாகிறது, எப்படிக் குறைக்கலாம் என்பதை ஆறு போகும் வழியிலேயே பார்த்துக்கொண்டு போகலாம்.

நெல் வயலும் மூன்று வட்டியும்

கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் விளையும் பாசனப் பரப்பு 14,707 ஏக்கர். இதில் உத்தமபாளையம் வட்டத்தில் 11,807, தேனி வட்டத்தில் 2,412, போடி வட்டத்தில் 488 ஏக்கர். தண்ணீர் இருக்கும் ஆண்டுகளில் ஜூன் முதல் தேதி முதல் போகத்துக்குத் திறந்துவிடுவார்கள்.

நெல் விவசாயிக்குப் பணம் வருவது ஆண்டுக்கு இரண்டு முறை. செலவு வருவதோ தினமும். நாற்று, நடவு, உரம், களை என்று வயல் கேட்கும் அதே ஜூன் மாதத்தில்தான் பள்ளிக்கூடமும் கேட்கிறது. அந்த இடைவெளியில்தான் கைமாற்றாகத் தொடங்கும் பணம் 'மூன்று வட்டி'க் கடனாக மாறுகிறது.

மூன்று வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். கேட்கும்போது சின்னதாகத் தெரியும். ஒரு லட்சத்துக்கு மாதம் 3,000, ஆண்டுக்கு 36,000 ரூபாய். நெல் குவிண்டால் 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 36,000 ரூபாய் என்பது 14 குவிண்டாலுக்கும் மேல். ஏக்கருக்கு 24 குவிண்டால் எடுக்கிறவர் என்றால், ஒரு போகத்தில் பாதிக்கு மேல் வட்டிக்காரருக்காகவே பயிர் செய்கிறார். ஆண்டு முடிவில் அசல் அப்படியே நிற்கும்.

அதே ஊரில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் இருக்கிறது. அங்கே வாங்கும் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டிவிட்டால் வட்டியே இல்லை. வங்கியில் கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் வரை வட்டி 7 சதவீதம். தவணை தவறாமல் கட்டுபவருக்கு 3 சதவீதம் சலுகை போக, 4 சதவீதம்தான். பலருக்குத் தெரியாத ஒன்று, இந்த அட்டையின் வரம்பில் பயிர்ச் செலவுக்கு மேல் 10 சதவீதம் வீட்டுச் செலவு போன்ற தேவைகளுக்காகவே சேர்க்கப்படுகிறது. அடுப்பு எரியவும் வங்கிப் பணம் உண்டு. அதற்கு வெளி வட்டி தேவையில்லை.

குத்தகைக்கு உழுபவர் கையில் சிட்டா இருக்காது. வங்கிப் படி ஏறத் தயங்கி வெளி வட்டிக்குப் போவது பெரும்பாலும் அவர்தான். அப்படிப்பட்டவர்கள் நான்கு முதல் பத்துப் பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்தால் வங்கியில் கடன் கேட்க வழி இருக்கிறது.

பந்தலுக்குக் கீழே

சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று போகும் சாலையில் இருபுறமும் திராட்சைப் பந்தல். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற ஊர்களில் ஆண்டுக்கு ஒரு பருவம் காய்க்கும் திராட்சை இங்கே கவாத்தை மாற்றி மாற்றிச் செய்வதால் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடையாகிறது.

அதனால் திராட்சை விவசாயிக்குப் பணம் நெல்லைவிட அடிக்கடி வரும். ஆனால் கல்தூண், கம்பி, மருந்து, கவாத்து ஆள் என்று செலவும் கனமானது. பழம் பழுக்கும் நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடிக்கும், விலை சரியும். கவாத்துச் சமயத்தில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் அதற்கு வட்டி என்று தனியாக எழுத மாட்டார்கள். அறுவடையின்போது கிலோவுக்கு ஓரிரு ரூபாய் குறைத்துக் கொடுப்பதில் அது ஒளிந்திருக்கும். ஒரு தோட்டத்தில் 8,000 கிலோ வெட்டி, கிலோவுக்கு 3 ரூபாய் குறைந்தால் 24,000 ரூபாய். வாங்கிய முன்பணம் ஒரு லட்சம் என்றால், நான்கு மாதத்துக்கு 24 சதவீதம். மாதம் ஆறு வட்டி. கையெழுத்து இல்லாத கடனுக்கும் வட்டி உண்டு. அதையும் எழுதிப் பார்க்க வேண்டும்.

விடியற்காலை ஜீப்

கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஊர்களில் விடிவதற்குள் ஜீப்புகள் நிற்கும். பெண்கள் தூக்குவாளியோடு ஏறி, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவும் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையத்தில் அந்த ஏலக்காய்க்கு விலை போகிறது.

ஏலக்காய் விலை எப்படி ஆடும் என்பதற்கு அண்மைக் காலமே சாட்சி. 2019 ஆகஸ்ட்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன காய், இரண்டே ஆண்டில் ஆயிரம் ரூபாயை ஒட்டி வந்தது. உச்ச விலையை நம்பி நிலமும் வீடும் வாங்கக் கடன்பட்டவர்களின் தவணை மட்டும் இறங்கவில்லை.

கூலிக்குப் போகிறவர்களுக்கு ஆபத்து வேறு மாதிரி வந்தது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் எல்லையில் பதற்றம் ஏற்பட்டு, ஜீப்புகள் நின்றன. 2020-ல் ஊரடங்கால் எல்லை மூடியது. வாரக் கூலி நின்ற மறு வாரமே தண்டல்காரர் வாசலில் நின்றார்.

தண்டல் கணக்கைப் பார்க்கலாம். 10,000 ரூபாய்க் கடன் என்று பேர். 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறுதானே" என்று தோன்றும். ஆனால் அசலும் நாள்தோறும் திரும்பிப் போகிறது என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால், ஆண்டு வட்டி 120 சதவீதத்துக்குக் குறையாது.

கூலியை நம்பும் குடும்பத்துக்கு முதல் தேவை, ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவு கையிருப்பாக இருப்பது. அதை அஞ்சலகச் சேமிப்பிலோ குழுச் சேமிப்பிலோ வைக்கலாம். எல்லை மூடும் நாளில் அதுதான் தண்டலுக்குப் போகாமல் காக்கும்.

செய்முறை நோட்டு

சின்னமனூர், வீரபாண்டி தாண்டித் தேனிக்கு வரும் வழியெல்லாம் பிளெக்ஸ் பலகைகள். காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, வசந்த விழா என்று மாதம் தவறாமல் அழைப்பு. ஒவ்வொரு வீட்டிலும் செய்முறை நோட்டு ஒன்று உண்டு. அவசரத்துக்குக் கை கொடுக்கும் நல்ல ஏற்பாடு அது. யார் எவ்வளவு செய்தார்கள் என்ற கணக்கு அதில் ஒரு ரூபாய் பிசகாமல் இருக்கும்.

ஆனால் வாங்கியதெல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன் என்பதை மறந்து, வந்த பணத்தில் பந்தலும் விருந்தும் பெரிதாகும்போதுதான் சிக்கல். தாய்மாமன் சீருக்காக மூன்று வட்டிக்கு வாங்கும் பணம், அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதிலும் முடியாமல் நிற்கும். அடுத்த ஓராண்டில் திருப்பிச் செய்ய வேண்டியதை அந்த நோட்டைப் பார்த்து முன்கூட்டியே கூட்டி வைத்தால், மாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். செய்முறையைக் குறைத்தால் உறவு கோபிக்கலாம். விருந்தையும் பிளெக்ஸையும் குறைத்தால் எந்த உறவும் அறுந்துபோகாது.

அணை திறந்த ஆண்டில் வந்த அறிக்கை

பெரியாறு அணை திறந்த அதே 1895-ல், பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி சென்னை மாகாண அரசிடம் ஓர் அறிக்கையின் முதல் பகுதியைக் கொடுத்தார். விவசாயிகளைக் கடனிலிருந்து மீட்க என்ன வழி என்று ஐரோப்பிய நாடுகளின் கடன் சங்கங்களை ஆராய்ந்து எழுதியது அது. ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் கிராமங்களில் தொடங்கிய கூட்டுறவுச் சங்கங்களே அவருக்கு நம்பிக்கை தந்தன. ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் அறிந்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று, தங்கள் சேமிப்பையே கடனாகக் கொடுத்துக்கொள்வதுதான் அந்த முறை. 1904-ல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அந்த ஆண்டே திருவள்ளூர் அருகே திரூரில் சங்கம் தொடங்கியது.

நிக்கல்சன் சொன்னதை 1990-களில் மதுரை வட்டாரப் பெண்கள் மறுபடி செய்து காட்டினார்கள். தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் குழுக்களில் பெண்கள் இருபது பேர் அளவில் சேர்ந்து, சிறு தொகை சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்தார்கள். வட்டியும் குழுவுக்கே திரும்பி வந்தது. அழகர்கோவில் பக்கம் புல்லுச்சேரியைச் சேர்ந்த விவசாயக் கூலித் தொழிலாளி சின்னப்பிள்ளை இதில் தலைவியாக வளர்ந்தார். 2001-ல் டெல்லியில் விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. தேனி மாவட்டத்தில் வானம் பார்த்த பூமியான கடமலைக்குண்டு பகுதியிலும் களஞ்சியக் குழுக்கள் சேர்ந்து வட்டாரச் சங்கமாக வளர்ந்தன. ஆறு பாயாத ஊரிலும் பணத்தை அளந்து சேர்க்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

இப்போது 'குழுக் கடன்' என்ற பெயரில் வருவதெல்லாம் அந்த வகை அல்ல. வெளி நிறுவனம் கொடுத்து வாரந்தோறும் வசூலிக்கும் கடனில் சேமிப்பும் இல்லை, வட்டியும் திரும்பாது. ஒரு நிறுவனத் தவணைக்கு இன்னொரு நிறுவனத்தில் வாங்குவது புதைகுழி. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான இத்தகைய கடன்களில், எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதித்திருக்கிறது. கொடுப்பவர் கேட்காவிட்டாலும் வாங்குபவர் அந்தக் கோட்டை மனதில் வைக்க வேண்டும்.

எதை முதலில் அடைப்பது?

உதாரணத்துக்கு ஒரு வீட்டுக் கடன் கணக்கு:

கூட்டுறவுப் பயிர்க்கடன் 60,000. தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை.
வங்கி நகைக்கடன் 80,000. 9 சதவீதம் என்றால் ஆண்டு வட்டி 7,200.
மூன்று வட்டிக் கடன் 50,000. ஆண்டு வட்டி 18,000.
தண்டல் 10,000. முடிய முடியத் திரும்ப எடுத்தால் ஆண்டுக்குச் சுமார் 5,475.

மொத்தக் கடன் 2 லட்சம். மொத்த வட்டி 30,675. இதில் மூன்று வட்டியும் தண்டலும் சேர்ந்து கடனில் 30 சதவீதம்தான். ஆனால் வட்டியில் நான்கில் மூன்று பங்கை விழுங்குவது அவைதான். பெரிய தொகையைப் பார்த்துப் பயப்படாமல், பெரிய வட்டியை முதலில் அடைக்க வேண்டும். வீட்டில் இன்னும் நகை இருந்தால், வங்கியில் வைத்து அந்த 50,000-ஐ அடைத்தாலே ஆண்டுக்கு 13,500 மிச்சம். அடைத்ததும் பிராமிசரி நோட்டையும் செக்கையும் கையோடு திரும்ப வாங்கிவிட வேண்டும்.

அநியாய வட்டி கேட்டு மிரட்டினால், 2003-ம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. காவல் நிலையத்திலும், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.

செலவைக் குறைக்க வயிற்றைக் கட்ட வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கான நெல்லை ஒதுக்கிய பிறகு மீதியை விற்பது, கொல்லையில் முருங்கை, கீரை, நாலு கோழி, டவுன் பஸ்ஸில் பெண்களுக்குள்ள கட்டணமில்லாப் பயணம் என்று வழிகள் பல. கடனுக்குப் பெரிய வாசல் வைத்தியச் செலவு. தகுதியுள்ள குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நோய் வருவதற்கு முன்பே காப்பீட்டு அட்டை கையில் இருக்க வேண்டும்.

மூன்று எச்சரிக்கை

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வைகையோடு சேர்ந்து ஆண்டிபட்டி அருகே வைகை அணைக்குப் போகிறது. 71 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேக்கும் அந்த அணையில் 66 அடி வந்ததும் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. கரையோர மக்கள் முதல் எச்சரிக்கையிலேயே மேட்டுக்குப் போகத் தயாராகிவிடுவார்கள்.

வீட்டுக்கும் இப்படி மூன்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுச் செலவுக்காக முதல் முறை வெளி வட்டிக்கு வாங்கினால், அது முதல் எச்சரிக்கை. வட்டி மட்டும் கட்டி, ஆறு மாதமாக அசல் குறையவில்லை என்றால் இரண்டாவது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கினால் மூன்றாவது. அதற்கு மேல் மதகு கையில் நிற்காது.

முதல் எச்சரிக்கையிலேயே கணவனும் மனைவியும், பெரிய பிள்ளைகளும் உட்கார்ந்து, யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எப்போது வாங்கியது என்று ஒரே தாளில் எழுத வேண்டும். மறைத்து வைத்த கடன்தான் மற்ற கடன்களை இழுத்து வரும். எழுதிய தாளைச் செய்முறை நோட்டுக்குள் வைத்துவிட்டு, மாதம் ஒருமுறை எடுத்துத் திருத்தினால் போதும்.