கறுப்பு பம்பரில் வெள்ளைத் திட்டு

கார் என்றாலே ஆண்கள் சமாசாரம் என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் தேய்ப்பதும் துடைப்பதும் கறை எடுப்பதும் நமக்குக் கைவந்த கலைதானே? பட்டுப் புடவையில் விழுந்த எண்ணெய்க் கறையையே எடுக்கத் தெரிந்தவர்களுக்கு காரின் பம்பர் எம்மாத்திரம்!

போன ஆயுத பூஜைக்கு முதல் நாள் என்னவர் காரைக் கழுவி வாக்ஸ் பாலிஷ் போட்டார். முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. ஆனால் பம்பரின் கீழ்ப்பகுதி, சக்கரத்தைச் சுற்றியுள்ள விளிம்பு என்று கறுப்பு பிளாஸ்டிக் உள்ள இடங்களில் மட்டும் சுண்ணாம்பு தடவினாற்போல் வெள்ளைத் திட்டுகள். தண்ணீர் ஊற்றினால் மறைகிறது. காய்ந்ததும் மறுபடி தலைகாட்டுகிறது.

எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு யோசனை? பெயின்ட் அடிச்சப்போ மிஞ்சின தின்னர் இருக்கு சார், தொட்டுத் துடைங்க" என்று ஒரு பாட்டிலை நீட்டினார். பழைய கலர் பாட்டில்! என் மாமியார் வாசலிலிருந்தே, "வேணாம்ப்பா, முதல்ல அதைத் திருப்பிக் கொடுத்துடு" என்றார்.

காரணம் இல்லாமல் இல்லை. என் மகளுக்கு ஒன்றரை வயது. கண்ணில் பட்டதெல்லாம் வாய்க்குப் போகும் பருவம். அத்தையின் ஊரில் பக்கத்து வீட்டுக் குழந்தை, பாட்டிலில் இருந்த மண்ணெண்ணெயைத் தண்ணீர் என்று குடித்துவிட்டதாம். யாரோ உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைத்தார்களாம். "பிழைச்சுது. ஆனா ஆஸ்பத்திரியில அது மூச்சுக்குத் தவிச்சது இன்னும் என் கண்ணுலயே நிக்குது" என்றார் அத்தை.

மண்ணெண்ணெய், தின்னர், டர்பன்டைன், பெட்ரோல் எல்லாமே வயிற்றைவிட நுரையீரலுக்குத்தான் பெரிய ஆபத்து. வாந்தி வரும்போது அது மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். குழந்தை தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தின்னர் பட்டால் காரின் பெயின்ட்டும் பாழாகும், பிளாஸ்டிக்கும் கெடும்.

சரி, திட்டு எப்படிப் போயிற்று? பாலிஷில் இருப்பது மெழுகு. பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் ஓலையில் கிடைக்கும் கார்னாபா மெழுகைப் பல பாலிஷ்களில் சேர்க்கிறார்கள். அது உருக 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். வழவழப்பான பெயின்ட்டில் துடைத்தால் வந்துவிடும். கறுப்பு பிளாஸ்டிக்கோ ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு. மெழுகு அந்தக் குழிகளில் தங்கிக் காய்ந்து வெளுக்கிறது. மெழுகு தண்ணீரில் கரையாது, எண்ணெயில் இளகும். சூட்சுமம் அவ்வளவுதான்.

நான் செய்தது இது. காரை நிழலில் நிறுத்தி, கை பொறுக்கும் வெந்நீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் நாலு சொட்டு விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்தேன். பாதி போயிற்று. நன்றாகக் காய்ந்த பிறகு, பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் மிச்சத் திட்டுகளை அழித்தேன். அழுக்குத் திரியாக உருண்டு வந்தது. இடுக்குகளில் துணியால் ஒரு சொட்டுக் கடலை எண்ணெய் தடவி, ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, மறுபடி சோப்பு நீரால் கழுவினேன். எண்ணெய்ப் பசை நின்றால் தூசி அப்பிக்கொள்ளும், ஜாக்கிரதை. கம்பி நார் மட்டும் வேண்டாம், கீறல் விழும். எதையும் முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் செய்து பாருங்கள்.

அடுத்த முறை பாலிஷ் போடும்முன், பெயின்டர்கள் ஒட்டுகிற காகித டேப்பைக் கறுப்புப் பகுதியின் மேல் ஒட்டிவிட்டால் இந்த வேலையே மிச்சம்.

கூடவே ஒரு காரியம். பரண், மாடிப்படிக்கு அடியில், சமையலறைத் தொட்டிக்குக் கீழே என்று ஒரு நடை பார்த்துவிடுங்கள். தண்ணீர் பாட்டிலிலோ கலர் பாட்டிலிலோ தின்னரோ மண்ணெண்ணெயோ இருந்தால், குழந்தை எழுந்திருப்பதற்குள் அதை அப்புறப்படுத்துங்கள்.