கண்ணாடிக்குள்ளே ஒரு மேகக் காடு

சிங்கப்பூர் போய்த் திரும்பியவர்களிடம், "அங்கே என்னென்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். செரங்கூன் சாலைக் கடைகள், செந்தோசா தீவு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "ஆங்... ஒரு கண்ணாடி வீட்டுக்குள்ளே மலை ஒன்று இருந்தது. உள்ளே போனதும் ஜில்லென்று இருந்தது" என்று முடிப்பார்கள். அந்த 'ஜில்' எங்கிருந்து வருகிறது, அதை எதற்காக இவ்வளவு பாடுபட்டு உண்டாக்கியிருக்கிறார்கள் என்று கொஞ்சம் நின்று யோசித்தால், அந்த இடம் வேறு விதமாகத் தெரியும், சகோதரிகளே!

மரினா விரிகுடாவில், கடலை நிரப்பி எடுத்த நிலத்தில் இருக்கிறது 'கார்டன்ஸ் பை த பே' என்ற பெரிய தோட்டம். 2012-ல் திறந்தார்கள். அதிலே இரண்டு கண்ணாடி மாளிகைகள். ஒன்று மலர் மாளிகை. மற்றது 'கிளவுட் ஃபாரஸ்ட்', அதாவது மேகக் காடு. பரப்பில் இது சிறியது, 0.8 ஹெக்டேர்தான். ஆனால் உயரத்தில் அண்ணன்! நடுவில் ஒரு தூண் கூட இல்லாமல் அவ்வளவு பெரிய கண்ணாடிக் கூரை நிற்பதே ஓர் அதிசயம்.

கண்ணாடி வீட்டில் செடி வளர்ப்பது புதிதல்ல. லண்டன் கியூ தோட்டத்தில் பனை வகைகளுக்கென்று 1840-களிலேயே கட்டி விட்டார்கள். குளிர் தேசத்தில் வெப்பத்தைச் சிறை வைக்க அது. சிங்கப்பூரில் எல்லாம் தலைகீழ்! பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர். வெளியே வருஷம் முழுக்கப் புழுக்கம். அங்கே குளிர்ச்சியைச் சிறை வைத்திருக்கிறார்கள்.

கதவைத் தாண்டியதுமே எதிரே 35 மீட்டர் அருவி. ஏறக்குறைய பத்து மாடி உயரத்திலிருந்து கொட்டுகிறது. சாரல் முகத்தில் அடிக்கிறது. என்னோடு வந்த ஆறு வயதுப் பேத்தி அண்ணாந்து பார்த்துவிட்டு, "பாட்டி, இந்த மலைக்கு ஏசி போட்டிருக்காங்களா?" என்று கேட்டாள். சரியான கேள்விதான். ஆமாம், போட்டிருக்கிறார்கள்!

அந்த ஏசி வேலை செய்யும் விதம் நம் வீட்டுச் சிக்கனத்தை நினைவுபடுத்தும். இத்தனை பெரிய மாளிகை முழுவதையும் குளிர வைப்பதில்லை. மனிதர்களும் செடிகளும் இருக்கிற கீழ்ப்பகுதியை மட்டும் குளிர்விக்கிறார்கள். தரைக்குள்ளே குழாய் பதித்துக் குளிர்ந்த நீரை ஓட விடுகிறார்கள். சூடான காற்று தானாக மேலே ஏறிக் கூரை வழியாகப் போய் விடும். கண்ணாடியும் சாதாரணக் கண்ணாடி அல்ல. வெளிச்சத்தை விட்டு, வெயிலின் சூட்டைப் பெரும்பாலும் தடுக்கும். வெயில் ஏறினால் கூரையில் திரைகள் தாமாகவே விரியும். இதற்கு வேண்டிய சக்தியில் ஒரு பகுதி, ஊரில் வெட்டிப் போடும் மரக்கிளைகளை எரித்துக் கிடைக்கிறது.

முதலில் லிஃப்டில் உச்சிக்குப் போய், அங்கிருந்து சுற்றுப் பாதையில் மெல்ல இறங்கி வரும்படி அமைத்திருக்கிறார்கள். முட்டி வலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல மலை கிடையாது! மண்ணால் ஆன மலை அல்ல, கட்டட மலைதான். ஆனால் சுவர் தெரியாதபடி ஆர்க்கிட், பெரணி, பிகோனியா, ஆந்தூரியம் எல்லாம் போர்த்தியிருக்கின்றன. அந்தரத்தில் நீட்டிய நடைபாலத்தில் நின்று கீழே பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கிறுகிறுத்தது. "அம்மா, கீழே பார்க்காதீங்க, செடியைப் பாருங்க" என்றாள் மகள். பார்த்தேன்.

பார்க்க என்ன இருக்கிறது என்கிறீர்களா? மேலே பூச்சி பிடிக்கும் குடுவைச் செடிகள். குடுவையின் வாய் வழுக்கும். உள்ளே விழுந்த பூச்சி ஏற முடியாமல் அதிலுள்ள நீரில் கரைந்து செடிக்கு உரமாகி விடும். சத்தில்லாத மண்ணில் பிழைக்க அது கண்டுபிடித்த வழி. பிறகு, மரத்தில் உட்கார்ந்து வாழும் ஆர்க்கிட். இதை ஒட்டுண்ணி என்று நினைத்து விடாதீர்கள். இருக்க இடம் மட்டும் வாங்கிக்கொண்டு, சமையலைத் தானே பார்த்துக்கொள்ளும் நல்ல குடித்தனக்காரர் மாதிரி! மரத்தின் சாற்றைத் தொடாது. அதன் வேர் மேலே பஞ்சு மாதிரி ஓர் உறை. ஈரக் காற்றிலிருந்தும் சாரலிலிருந்தும் அது தண்ணீரை உறிஞ்சிக் கொள்ளும். நமது அன்னாசிப்பழத்தின் உறவுக்காரச் செடிகளும் நிறைய உண்டு. இலைகளைக் கிண்ணம் போலக் குவித்துத் தண்ணீர் சேர்த்து வைக்கும். அசல் காட்டில் அந்தக் கிண்ணத் தண்ணீரில் சில தவளைகள் குடும்பமே நடத்துகின்றன.

நாளில் குறிப்பிட்ட நேரங்களில் குழாய்களிலிருந்து பனிப்புகை போல நீர்த்திவலையைப் பீய்ச்சுகிறார்கள். ஐந்து நிமிஷத்தில் எதிரே நிற்பவர் தெரியாது. குழந்தைகள் கூச்சல் போட்டுக் குதிக்கிறார்கள். வேடிக்கைக்காக மட்டும் அல்ல இது. மலை உச்சிக் காடுகளில் மேகம் வந்து மரங்கள் மேல் உரசும். இலையும் பாசியும் அந்த மேகத்தைச் சீப்பால் வாருவது போல வாரித் துளியாக்கிச் சொட்ட விடும். மழை பெய்யாத நாளில் கூட மரத்தடி நனைந்திருக்கும். அந்த ஈரம் மண்ணில் இறங்கி, ஊற்றாகி, ஆறாகி, கடைசியில் நம் குடத்துக்கு வருகிறது.

இறங்கி முடியும் இடத்தில் ஒரு படம் காட்டுகிறார்கள். உலகத்தின் வெப்பம் 5 டிகிரி கூடினால் என்னவெல்லாம் நடக்கும் என்பதுதான் கதை. சமவெளியில் சூடு ஏறினால் செடியும் பிராணியும் மெல்ல மெல்ல மேலே நகரலாம். ஏற்கெனவே மலை உச்சியில் இருப்பவை எங்கே போகும்? கோஸ்டா ரிக்கா நாட்டில் மாண்டிவெர்டி என்ற மேகக் காட்டில் பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு தேரை இருந்தது. தங்கத் தேரை என்பார்கள். 1989-க்குப் பிறகு அதை ஒருவரும் பார்க்கவில்லை. வறட்சியும் தோலைத் தாக்கும் பூஞ்சைக் காளான் நோயும் காரணம் என்கிறார்கள். இதைச் சொன்னதும் பேத்தி, "அதையும் இங்கே கொண்டு வந்து வெச்சிருக்கலாமே?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கண்ணாடிக்குள் வைத்துக் காப்பாற்ற முடிவது கொஞ்சந்தான் என்று மட்டும் சொன்னேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பே ஃபிரண்ட் ரயில் நிலையத்தில் இறங்கினால் தோட்டம் நடக்கும் தூரம். பராமரிப்புக்காகச் சில நாட்கள் மாளிகையை மூடுவார்கள். முன்னாலேயே விசாரித்துக் கொள்ளுங்கள். உள்ளே 24 டிகிரியை ஒட்டி இருக்கும். அது நமக்கு ஒன்றும் கடுங்குளிர் இல்லை. ஆனால் வியர்வையோடு நுழைந்து சாரலிலும் நனைந்தால் கைக்குழந்தைக்குச் சளி பிடித்ததோ என்று கவலைப்பட வேண்டியிருக்கும். ஒரு மெல்லிய ஸ்வெட்டரும் மாற்றுச் சட்டையும் பையில் இருக்கட்டும். வழுக்காத செருப்பு அவசியம். குழந்தைகளுக்கு முதலிலேயே வயிற்றுக்குக் கொடுத்து அழைத்துப் போங்கள். பசித்த பிள்ளைக்கு எந்த அருவியும் ரசிக்காது! பனிப்புகை விடும் நேரத்தை வாசலில் கேட்டு அதற்குத் தக்கபடி நுழையுங்கள். இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

சிங்கப்பூர் போக எல்லோராலும் முடியுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். அங்கே மின்சாரமும் குழாயும் வைத்துச் செய்வதைச் சம்பளமில்லாமல் செய்கிற காடு நம்மிடமே இருக்கிறது. நீலகிரியிலும் பழனி மலையிலும் பள்ளத்தாக்கு மடிப்புகளில் குட்டை மரங்கள் அடர்ந்து, பாசி படர்ந்து நிற்கிற சோலைகள்தான் அவை. நம்முடைய 'சோலை' என்ற சொல்லையே தாவர அறிஞர்கள் ஆங்கிலத்திலும் எடுத்து ஆள்கிறார்கள். சோலையும் அதைச் சுற்றிய புல்வெளியும் மழையை உறிஞ்சி வைத்துக் கொண்டு, கோடையில் சிறுகச் சிறுக விடுகின்றன. நீலகிரியிலிருந்து இறங்கி வரும் மோயாறு பவானியோடு சேர்ந்து, காவிரியில் கலக்கிறது. தேயிலைக்காகவும், யூகலிப்டஸ், சீகை மரங்களுக்காகவும் எத்தனையோ சோலைகளும் புல்வெளிகளும் போய்விட்டன. மிச்சம் இருப்பது கொஞ்சம்.

அடுத்த கோடையில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகும்போது படகுச் சவாரியும் சாக்லேட்டும் வாங்கிக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, வனத்துறை அனுமதிக்கிற ஓர் இடத்தில் குழந்தைகளைச் சோலை ஓரமாகக் கூட்டிப் போய், ஒரு மரத்தின் பாசியை மெதுவாகத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிய்க்க வேண்டாம். விரலில் ஈரம் ஒட்டும். "இதுதாண்டா கண்ணு, நம்ம வீட்டுக் குழாயிலே வர்ற தண்ணி" என்று சொல்லிக் கொடுங்கள். நன்றாகப் புரிந்து கொள்வார்கள்.