கிணற்று நீரும் கல்லூரிப் பாடமும்

தத்துவமா? அது சாமியார்க்கு என்பர். அரசியலா? அது வம்பர்க்கு என்பர். பொருளாதாரமா? ஆம், அதைப் படி, வங்கி வேலையாவது கிட்டும் என்பர். பல்லாவரத்தில் நம் தெருவார் நமக்கு அளித்த அறிவுரை இது. மூன்றாவதையே தேர்ந்தோம். தொண்ணூறுகளின் நடுவில், நாள்தோறும் பல்லாவரத்தில் இரயிலேறி, குரோம்பேட்டையும் சானடோரியமும் கடந்து, தாம்பரத்தில் இறங்கி, மரங்கள் அடர்ந்த கிறித்தவக் கல்லூரிக்கு நடந்தோம்.

1837-இல் பள்ளியாகத் தோன்றி, 1937-இல் நகரத்து நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த கல்லூரி அது. அங்கே தத்துவத் துறை உண்டு; அரசியல் துறை உண்டு; பொருளாதாரத் துறையும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி வாயில், தனிப் பலகை. இந்நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றின் அமைப்பே அதுதான். நாம் நம் வாயிலில் நுழைந்தோம். மற்ற இரண்டையும் எட்டிப் பார்த்தோமில்லை.

நம் தந்தையார் தோல் பதனிடும் ஆலையொன்றில் தொழிலாளி. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலைப் புரட்டிப் புரட்டி விரல்கள் வெடித்தவர். நம் வீட்டுக் கிணற்று நீர் முதலில் கரித்தது. பிறகு நிறமும் மாறிற்று. அன்னையார் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கும், அதற்கடுத்த தெருவுக்கும் நடந்தார். வட்டாரத்தின் தொழில் தோல். குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் தோல் ஆலையால் வந்தது. ஆவாரம்பட்டையால் நாட்கணக்கில் பதனிட்டதைக் குரோமிய உப்பு விரைவில் முடித்துக் கொடுத்தது. விரைவு முதலாளிக்கு, கழிவு கிணற்றுக்கு!

வகுப்பிலே செருப்பின் விலை கணக்கிட்டோம். மூலப்பொருள், கூலி, வட்டி, இலாபம். கூட்டினோம், கோடு வரைந்தோம், மதிப்பெண்ணும் பெற்றோம். கிணறு அந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை. அதைக் கணக்கில் சேர்க்கும் வழியைக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பிகு 1920-இலேயே எழுதியிருந்தார்: பிறர்மேல் விழும் கேட்டுக்கு வரி போட்டு, கேடு செய்தவனையே அதன் விலையைச் சுமக்கச் செய்யலாம் என்பது அவர் கருத்து. நல்லது. ஆனால் வரி போடுவது யார்? போட விடாமல் தடுப்பது யார்? அது அரசியல். தூய நீர் ஏழைக்கு உரிமையா, இரக்கமா? அது தத்துவம். சுண்ணாம்புத் தொட்டியில் கைவைக்கும் வேலை சேரிக்கும் ஏழைத் தெருவுக்குமே ஏன் வந்து சேர்கிறது? இதற்கு எந்த அறையில் விடை?

அதே 1920-இல்தான் ஆக்ஸ்போர்டில் தத்துவம், அரசியல், பொருளாதாரம் மூன்றையும் ஒரே பட்டமாக்கினர். கிரேக்கமும் இலத்தீனும் கற்றவரே ஆளத் தகுந்தவர் என்ற பழைய எண்ணத்துக்கு மாற்றாக வந்தது அந்தப் படிப்பு. வில்சன், ஹீத், கேமரன், சுனக் எனப் பிரதமர்கள் பலர் அதைப் படித்தவர்கள். 2022-இல் 49 நாட்களே பதவியில் இருந்து, நாட்டின் நிதிச் சந்தையை ஆட்டங்காண வைத்துச் சென்ற லிஸ் டிரசும் படித்தவர்தாம்! ஆகவே பட்டம் ஒன்றே அறிவைத் தந்துவிடாது. அங்கே அது ஆள்வோரின் ஏணி. நமக்கோ, ஆளப்படுவோர் தம் நிலையை அறிந்துகொள்ளும் கருவியாக அது வேண்டும்.

மூன்றையும் சேர்ப்பது புதுமையும் அன்று. ஆடம் ஸ்மித் கிளாஸ்கோவில் அறநெறித் தத்துவப் பேராசிரியர். அறவுணர்வு பற்றி 1759-இல் எழுதியவர்தான் 1776-இல் நாடுகளின் செல்வம் பற்றி எழுதினார். வள்ளுவர் அறத்துக்கு 38 அதிகாரம் வகுத்து, அடுத்த 70 அதிகாரங்களில் அரசனையும் அமைச்சனையும் செல்வத்தையும் பொருட்பால் என்ற ஒரே கூரையின்கீழ் வைத்தார். அறிஞர் அண்ணா பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் சேர்த்தே பயின்றவர். அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் 1912-இல் அவ்விரண்டிலும் பட்டம் பெற்று, கொலம்பியாவில் ஜான் டூயி என்ற தத்துவ அறிஞரிடமும் பாடங்கேட்டு, ரூபாயின் சிக்கலைப் பற்றி 1923-இல் நூல் வெளியிட்டார். சாதி உழைப்பை மட்டுமன்றி உழைப்பாளரையே பிரித்து அடுக்குகிறது என்று 1936-இல் அவர் காட்டியதை ஒரு துறையை மட்டும் கற்றவர் கண்டிருப்பாரா? நம் தந்தையாரின் விரல்களுக்கு உரிய விளக்கத்தை நாம் அங்கேதான் கண்டோம். நம் பாடநூலில் அன்று.

தத்துவம் என்றால் பகுத்தறிவுத் தோழர் பலர் முகஞ்சுளிக்கின்றனர். வேதாந்தமும் மாயையும் நினைவுக்கு வருகின்றன போலும். சுளிப்பில் நியாயம் உண்டு. விலகலில் நன்மை இல்லை. நாம் விலகிய இடத்தில் வேறொருவர் அமர்ந்து, கிணறு கெட்டதும் விதி, விரல் வெடித்ததும் வினை என்று பாடம் சொல்லுவார். ஏன், எதனால், யாருக்காக என்று கேட்பதும் தத்துவந்தானே! (இடையிலே ஒன்று: டாக்டர் இராதாகிருஷ்ணன் இதே கல்லூரியில், அது நகரத்தில் இருந்த நாளில், தத்துவம் பயின்றார். ஏன் தெரியுமா? பணமுடை, படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார் என்பர். ஆக, தத்துவத்தைத் தேர்ந்ததே பொருளாதாரந்தான்!)

1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கு. செங்கை மாவட்டமும் அதில் அடங்கியது. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்ற கணக்கு அதில் இருந்தது. தோல் அந்நியச் செலாவணி ஈட்டித் தரலாம், அதற்காக மண்ணையும் நீரையும் அழிக்கும் உரிமை எவர்க்கும் இல்லை என்றனர் நீதிபதிகள். மாசு செய்தவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றே அறிவித்தனர். ஆலை ஒவ்வொன்றுக்கும் அபராதம் 10,000 ரூபாய். பொருளாதாரக் கணக்கு, அறநெறிக் கோட்பாடு, அரசின் ஆணை மூன்றும் ஒரே ஏட்டில் இருந்தன.

செய்தித்தாளைத் தந்தையாருக்குப் படித்துக் காட்டினோம். வெடித்த விரல்களில் எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டார்.

“தொகை சரி, தம்பி. ஆலையை மூடிவிட்டால் எனக்குக் கூலி யார் தருவார்? மூடாவிட்டால் உன் அம்மாவுக்குத் தண்ணீர் யார் தருவார்? இதற்கு உன் கல்லூரியில் என்ன படிப்பு?”

மறுநாள் தத்துவத் துறையின் வாயிலுக்குச் சென்று, வகுப்பில் ஓரமாக உட்கார இடம் கிடைக்குமா என்று கேட்டோம்.