நாடி பார்ப்பதும் வேவு பார்ப்பதும்

அரபு மொழியில் ஜீம், ஸீன், ஸீன் என்னும் மூன்றெழுத்து வேர் ஒன்று உண்டு. கையால் தொட்டு அறிதல் என்பது அதன் முதற்பொருள். மருத்துவர் நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்ப்பதை 'ஜஸ்ஸுந் நப்ளு' என்பர். அதே வேரிலிருந்துதான் ஒற்றனைக் குறிக்கும் 'ஜாஸூஸ்' என்ற சொல்லும், பிறர் மறைவைத் துருவி ஆராய்தலைக் குறிக்கும் 'தஜஸ்ஸுஸ்' என்ற சொல்லும் பிறந்தன. பின்னது விலக்கப்பட்ட செயல் என்பதை மதரஸாவில் ஓதும் சிறுவரும் அறிவர். தமிழும் இவ்வாறே அமைந்திருப்பது வியப்புக்குரியது. ஒற்றுதல் என்றால் மெல்லத் தொட்டு அழுத்துதல். நோவுக்கு இடும் ஒற்றடமும் அரசன் அனுப்பும் ஒற்றனும் அச்சொல்லோடு உறவுடையவை. நோய் அறியும் கைக்கும் வேவு பார்க்கும் கைக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதை இரு மொழிகளும் உணர்ந்திருந்தன போலும்.

இதை நாம் அண்மையில் சிந்திக்கக் காரணமாயிருந்தது ஒரு மாத்திரை.

மனச்சிதைவு நோய்க்கு அரிபிப்ரஸோல் என்ற மருந்தை அமெரிக்காவில் 2002 முதல் வழங்கி வருகிறார்கள். அம்மருந்தினுள் மணல் துகள் அளவேயான ஓர் உணர்கருவியைப் பதித்து, 'அபிலிஃபை மைசைட்' என்ற பெயரில் ஒரு மாத்திரை செய்தார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் அதற்கு ஒப்புதல் அளித்தது. செம்பு, மக்னீசியம், சிலிக்கான் ஆகியவற்றால் ஆன அத்துகள் இரைப்பை நீர் பட்டதும் ஒரு சமிக்ஞையை எழுப்பும். இடப்பக்க விலாவில் ஒட்டிய பட்டை அதை வாங்கிக் கைப்பேசிக்கு அனுப்பும். மாத்திரை உண்ட நேரம் அதில் பதிவாகும். நோயாளி எவ்வளவு நடமாடினார் என்பதையும் பட்டை குறித்துக்கொள்ளும். நோயாளி இசைவு தந்தால் மருத்துவரும் குடும்பத்தாரும் அவ்விவரங்களைக் காணலாம். தந்த இசைவை அவர் திரும்பப் பெறவும் செய்யலாம்.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவரின் தந்தை, வெளிநாட்டு உறவினர் வாயிலாக இதைக் கேள்வியுற்று நம்மை நாடி வந்தார். "ஹஜ்ரத், மகன் மாத்திரையை நாக்கின் கீழே ஒதுக்கி வைத்திருந்து, நான் திரும்பியதும் துப்பிவிடுகிறான். அவனுடைய உம்மா இரவெல்லாம் உறங்குவதில்லை. அப்படி ஒரு மாத்திரை கிடைத்தால், அவனிடம் சொல்லாமல் கொடுப்பது கூடுமா?" என்று கேட்டார்.

அவரது கவலையைச் சிறிதென்று எவரும் ஒதுக்கிவிட முடியாது. மருந்தை இடையில் நிறுத்தினால் மனச்சிதைவு நோய் மீண்டும் தலைதூக்கும் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. ஒவ்வொரு முறை நோய் திரும்பும்போதும் படிப்பு, வேலை, திருமணம், சில வேளை உயிருமே ஆபத்துக்குள்ளாகின்றன. அத்தகைய வீட்டில் மாத்திரையை எண்ணிப் பார்க்கும் தந்தையை ஒற்றன் என்று பழிப்பது அநீதி.

ஆயினும் இந்நோயின் இயல்பையும் எண்ண வேண்டும். தம்மை யாரோ கண்காணிக்கிறார்கள், தம் உடலுக்குள் எதையோ வைத்துவிட்டார்கள் என்று அஞ்சுவது இந்நோயாளர் பலருக்கு உண்டாகும் மருட்சி. அதைத் தீர்ப்பதற்கென்று தரும் மருந்திலேயே கண்காணிக்கும் கருவியை மறைத்துக் கொடுத்தால், அவரது பொய்யச்சத்தை நாமே மெய்யாக்கியவர்களாவோம். பின்னர் எந்த மாத்திரையை அவர் நம்பி விழுங்குவார்?

மேலும், இக்கருவியால் நோயாளர்கள் மருந்தை ஒழுங்காக உண்பது கூடுகிறது என்பது நிறுவப்படவில்லை என்று அதன் மருந்துக் குறிப்பிலேயே எழுதியிருந்தார்கள். விழுங்கியது பதிவாக இரண்டு மணி நேரம் வரை ஆகலாம், பதிவாகாமலும் போகலாம். ஆகவே, பதிவு இல்லை என்பதைக் கொண்டு மட்டும் ஒருவரைப் பொய்யர் என்று சொல்ல இடமில்லை. இன்னொன்றும் கருதத்தக்கது. உணர்கருவியைச் செய்த புரோட்டியஸ் டிஜிட்டல் ஹெல்த் நிறுவனம் 2020 ஜூனில் திவாலானது. அதன் உடைமைகளை மருந்து நிறுவனமான ஓட்சுகா வாங்கிக்கொண்டது. குடும்ப மருத்துவரிடம் ஒப்படைத்த இரகசியம் அவரோடு நின்றுவிடும். நிறுவனத்திடம் சேரும் அமானிதமோ நாளை எவர் கைக்குப் போகும் என்று கொடுத்தவர் அறிய இயலாது.

நோயாளி மறைப்பதை மருத்துவர் அறிய முயல்வது புதிய செயல் அன்று. இப்னு ஸீனா (980–1037) தமது 'அல்கானூன்' என்னும் மருத்துவப் பெருநூலில் காதல் நோயைப் பற்றி எழுதுமிடத்தில் ஒரு முறையை விவரிக்கிறார். தாம் விரும்புவது யாரை என்று நோயாளி சொல்ல மறுத்தால், அவரது நாடியில் விரல் வைத்துக்கொண்டு பல பெயர்களை மாற்றி மாற்றிச் சொல்லி, எப்பெயருக்கு நாடி துள்ளுகிறது என்று கண்டறிய வேண்டுமாம். வாய் மறைத்ததை விரல் அறிந்துவிடுகிறது. ஆனால் அங்கே மருத்துவர் எதிரே அமர்ந்திருக்கிறார். தன் கை அவரிடம் இருப்பது நோயாளிக்குத் தெரியும். வேண்டாமென்றால் கையை இழுத்துக்கொள்ளலாம். ஜஸ்ஸு என்ற வேர் நாடியாக நிற்பதும் வேவாக மாறுவதும் இந்த இடத்தில்தான். நீட்டிய கையைப் பிடித்தால் மருத்துவம். நீட்டாத கையைத் துருவினால் ஒற்று.

இந்திய நாட்டுச் சட்டமும் இத்திசையையே காட்டுகிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, நோயாளியின் விவரங்களைக் காப்பதை அவரது உரிமை என்கிறது. தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும், தம் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் வழி செய்கிறது. எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்றும் விதிக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி மாண்டதை நம் சமுதாயம் மறக்கவியலாது. அச்சங்கிலிகளையும் பாதுகாப்பு என்ற பெயரிலேயே பூட்டினார்கள். இரும்பில்லாத பிணைப்பும் உண்டு என்பதை அறிய அந்நினைவு நமக்கு உதவட்டும்.

அத்தந்தையிடம், "சொல்லாமல் கொடுப்பது கூடாது, முதலில் மகனிடம் காரணம் கேளுங்கள்" என்றோம். ஒரு வாரம் கழித்து இருவரும் வந்தனர். மகன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மாத்திரை போட்டால் கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது, ஹஜ்ரத். தொழுகையில் அத்தஹிய்யாத்து ஓதி முடியும் வரை கூட உட்கார முடியவில்லை. அத்தா திட்டுவார்களோ என்று சொல்லவில்லை." இத்தகைய மருந்துகளால் அமைதியற்று நிலைகொள்ளாமல் தவிக்கும் விளைவு உண்டாகலாம் என்பதை மருத்துவர்கள் அறிவர். மருத்துவரிடம் கூறியதும் அவர் மருந்தின் அளவை மாற்றியமைத்தார். மாத்திரை வயிற்றைச் சேர்ந்ததா என்பதைத்தான் அந்தச் சிறு துகள் சொல்லும். அது ஏன் சேரவில்லை என்பதை அந்த இளைஞரின் வாய்தான் சொல்ல வேண்டும்.

கருவி எதுவும் கூடாதென்பது நம் கருத்தன்று. மறதியுடையவர் தாமே விரும்பி நினைவூட்டும் மணியைக் கைப்பேசியில் வைத்துக்கொள்வதும், நலமாயிருக்கும் வேளையில், "எனக்கு முடியாதபோது நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தமக்கு நம்பிக்கையானவரிடம் பொறுப்பை ஒப்படைப்பதும் நல்லவையே. யார் பார்ப்பது, எதுவரை பார்ப்பது, எப்போது நிறுத்துவது என்பதை நோயுற்றவரோடு அமர்ந்து பேசி முடிவு செய்யட்டும். மருந்தைத் தாமாக நிறுத்துவதும் கூடாது. ஏமாற்றிக் கொடுப்பதும் கூடாது. அத்தகைய பிள்ளைகள் உள்ள வீடுகளில் இன்றிரவு மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் கை, அதன் பிறகும் சிறிது நேரம் அவர்கள் அருகே இருக்கட்டும்.